கடல் கடந்த பஞ்சசீலம்: அயோத்திதாசப் பண்டிதரின் இலங்கைப் பயணமும் தமிழ்ப் பௌத்த மீட்டெடுப்பும்

முன்னுரை

அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) வாழ்க்கையை எழுதுவோர் எவரும் 1898ஆம் ஆண்டு இலங்கைப் பயணத்தைக் குறிப்பிடத் தவறுவதில்லை. கர்னல் ஆல்காட்டுடன் சென்றார். சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். திரும்பிவந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார் என்னும் மூன்று வினைமுற்றுகளில் அப்பயணம் முடிந்துவிடுகிறது. அவர் எத்தகைய நாட்டிற்குச் சென்றார், அந்நாட்டுப் பௌத்தம் அன்று எந்நிலையில் இருந்தது, அங்குக் கண்டவற்றுள் எவற்றை ஏற்றார், எவற்றை ஏற்காது விடுத்தார் என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. அயோத்திதாசரின் வாழ்வை அப்பயணத்தை நடுவாக வைத்து நோக்கும்போது, அவர் இலங்கையிலிருந்து கொண்டுவந்தது மிகச் சிறிது என்பதும், அச்சிறிதே அவருக்குப் போதுமானதாக இருந்தது என்பதும் புலனாகின்றன.

காத்தவராயன் அயோத்திதாசர் ஆனமை

1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் சென்னையில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேய அலுவலரிடம் சமையற்பணி புரிந்தவர். தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடி அந்த அலுவலர் வழியாக எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றது எனப் பேரன் பின்னாளில் எழுதினார். சுவடிகள் புழங்கிய வீடு. மருத்துவமும் சோதிடமும் அறிந்த குடும்பம். தமிழும் சித்த மருத்துவமும் தமக்குக் கற்பித்த அயோத்திதாசக் கவிராச பண்டிதரின் பெயரையே மாணவர் தம் பெயராக ஏற்றுக்கொண்டார்.

இளமையின் ஒரு பகுதி நீலகிரியில் கழிந்தது. அங்கு அத்வைதானந்த சபை என்னும் அமைப்பை நிறுவினார். அக்காலத்தில் அவர் பௌத்தர் அல்லர். வேதாந்தமும் வைணவச் சார்பும் கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு இட்ட பெயர்களில் இம்மாற்றத்தின் இரு முனைகளையும் காணலாம். ஒரு மகனுக்குப் பட்டாபிராமன். ஒரு மகளுக்குப் புத்தரைப் பெற்ற தாயின் பெயராகிய மாயாதேவி.

1881ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது, தீண்டப்படாதார் எனத் தள்ளப்பட்ட மக்களை இந்துக்களின் கீழ்ப்பிரிவாகப் பதியாமல் பூர்வ தமிழர் எனப் பதிய வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். 1885இல் அருள்திரு ஜான் இரத்தினத்துடன் சேர்ந்து திராவிட பாண்டியன் இதழை நடத்தினார். 1891இல் திராவிட மகாஜன சபை உருவாயிற்று. இவையெல்லாம் பலராலும் எழுதப்பட்டவை. இலங்கைப் பயணத்தை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது அடுத்த ஆண்டு நிகழ்ந்த ஒன்று.

1892இல் சென்னை மகாஜன சபையின் மாநாடு விக்டோரியா நகர மண்டபத்தில் கூடியது. நீலகிரியின் சார்பாளராகச் சென்ற அயோத்திதாசர், தம் மக்களை வைணவக் கோயில்களுக்குள் அனுமதிப்பது குறித்து வினவினார். அவையில் எதிர்ப்புக் குரல் எழுந்தது. சிவனும் திருமாலும் அம்மக்களுக்குரிய தெய்வங்கள் அல்லர். அவர்களுக்கெனச் சிறுதெய்வங்கள் உள என்று தஞ்சையிலிருந்து வந்த சார்பாளர் ஒருவர் விடையிறுத்தார். அத்தகைய தெய்வம் ஒன்றின் பெயரைத்தான் அயோத்திதாசர் பிறப்பில் தாங்கியிருந்தார் என்பது அவையிலிருந்த எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் அந்தத் தெய்வங்களையும் வேண்டாம் என மறுத்து, இலவசக் கல்வியையும் தரிசு நிலத்தையும் கேட்டார். இந்து சமயத்திற்குள் இடம் தேடும் முயற்சி அன்றோடு முற்றுப்பெற்றது எனலாம். எந்தக் கோயிலுக்குள்ளும் இடம் கேட்கத் தேவையில்லாத ஒரு சமயத்தை, அதுவும் தம் முன்னோருடையதாக இருந்த ஒன்றை, அவர் தேடத் தொடங்கினார். 1892க்கும் 1898க்கும் இடைப்பட்ட ஆறாண்டுகள் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இன்னும் நிறைவாக எழுதப்படாத பகுதி.

ஆல்காட்டு என்னும் பாலம்

அமெரிக்கரான ஹென்றி ஸ்டீல் ஆல்காட்டு 1880ஆம் ஆண்டு மே மாதம் காலியில் இறங்கிப் பஞ்சசீலம் ஏற்றவர். 1873இல் பாணந்துறையில் மொகொட்டிவத்தே குணானந்த தேரருக்கும் கிறித்தவப் போதகர்களுக்கும் நடந்த சமய வாதம் பற்றிய செய்தியே அவரை அத்தீவுக்கு ஈர்த்தது. அதன்பின் அவர் மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்று பௌத்தப் பள்ளிகளுக்கு நிதி திரட்டினார். 1881இல் வினாவிடை வடிவில் பௌத்தச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். 1885இல் வெசாக் முழுநிலா நாள் அரசு விடுமுறை ஆயிற்று; பௌத்தக் கொடியும் அவ்வாண்டில்தான் ஏற்றப்பட்டது. அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட அவர் 1894இல் அங்குப் பஞ்சமர்க்கான இலவசப் பள்ளியைத் தொடங்கினார். இலங்கைக்கும் சென்னைச் சேரிகளுக்கும் ஒருசேரத் தொடர்புடைய ஒருவர் அன்று ஆல்காட்டைத் தவிர வேறெவரும் இல்லை. அயோத்திதாசர் அவரை நாடியதில் வியப்பில்லை.

நாடிய முறையே கருதத்தக்கது. தம் மக்கள் பௌத்தத்திற்கு மாற விரும்புகின்றனர் என்று அயோத்திதாசர் கேட்கவில்லை. முன்னர்ப் பௌத்தராயிருந்து, அதன்பொருட்டே தாழ்த்தப்பட்ட மக்கள் தம் தாய்ச் சமயத்துக்குத் திரும்ப விரும்புகின்றனர் என்றார். இவ்வேறுபாடு சொல்லளவினது அன்று. மாறுபவர் வரவேற்பவரின் கருணையை எதிர்பார்த்து நிற்பவர். திரும்புபவரோ தமக்குரியதைக் கேட்பவர்.

1898: தீவும் அதன் பௌத்தமும்

அக்காலத்தில் சென்னையிலிருந்து கொழும்புக்குச் செல்ல இரு வழிகள் இருந்தன. எழும்பூரில் தொடர்வண்டி ஏறித் தூத்துக்குடி சென்று, அங்கிருந்து நீராவிக் கப்பலில் ஓரிரவு கடலைக் கடப்பது ஒன்று. சென்னைத் துறைமுகத்திலிருந்தே கப்பலேறுவது மற்றொன்று. பாம்பன் பாலம் அப்போது இல்லை. அது திறக்கப்பட்டது 1914ஆம் ஆண்டு பிப்ரவரியில், அயோத்திதாசர் மறைவதற்குச் சில மாதங்களே இருந்தபோது. தாது வருடப் பஞ்சத்திலும் அதற்குப் பின்னரும் இலங்கைக்குச் சென்ற தமிழர்களுள் மிகப் பெரும்பாலோர் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றவர்கள். அயோத்திதாசர் எம்மக்களுக்காகக் கடல் கடந்தாரோ அம்மக்களே அவ்வழியின் நெடுநாட் பயணிகள். ஆனால் அவர்கள் போய்ச் சேர்ந்தது மலைநாட்டின் லயன்களில். அவர் போய்ச் சேர்ந்தது கொழும்பின் விகாரை ஒன்றில்.

அன்று இலங்கையின் மேலைக் கடற்கரை, பௌத்த மறுமலர்ச்சியின் நிலம். கொழும்பிலிருந்து பாணந்துறை, ஹிக்கடுவை, காலி வழியாக மாத்தறை வரை தென்னந்தோப்புகளின் ஓரமாகத் தொடர்வண்டிப் பாதை 1895க்குள் போடப்பட்டுவிட்டது. குணானந்தரின் வாதம் நிகழ்ந்ததும், ஆல்காட்டு சீலம் ஏற்றதும், சுமங்கல தேரர் பிறந்ததும் இக்கடற்கரை ஊர்களிலேயே. உள்நாட்டுக் கண்டியில் அரசும் பழைய விகாரை நிலவுடைமையும் சார்ந்திருந்த பௌத்தம், கடலோரத்தில் அச்சகம், பள்ளி, பொதுக்கூட்டம் ஆகியவற்றைச் சார்ந்ததாக மாறியிருந்தது. சென்னையில் இதழ் நடத்தியும் சபை கூட்டியும் பழகியிருந்த ஒருவருக்கு இப்பௌத்தத்தின் செயல்முறை அயலாகத் தோன்றியிராது.

அயோத்திதாசருக்கும் உடன்சென்ற பஞ்சமர் பள்ளி ஆசிரியர் கிருஷ்ணசாமிக்கும் பஞ்சசீலம் அளித்தவர் ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரர் (1827–1911). கொழும்பு மாளிகாகந்தையில் 1873இல் வித்தியோதயப் பிரிவேனாவை நிறுவிப் பாலி, சமற்கிருதக் கல்விக்கு உலகறிந்த நிலைக்களமாக அதனை வளர்த்தவர் அவர். சிவனொளிபாத மலையின் தலைமைத் தேரர் என்னும் பொறுப்பும் அவருடையதாக இருந்தது. இச்செய்தி தமிழாய்வாளர் கண்ணில் படாமல் போவது வியப்புக்குரியது. மணிமேகலையில் கச்சிமாநகர் புக்க காதை, இலங்கைத் தீவத்துச் சமனொளி மலையை வலங்கொண்டு மீளும் தரும சாரணரைப் பற்றிப் பேசுகிறது. அம்மலையே சிவனொளிபாதம். காப்பியத்தில் சமனொளிக்கும் தமிழகத்துக்கும் இடையே இருந்த போக்குவரவு, பல நூற்றாண்டு இடைவெளிக்குப் பின் அம்மலைக்குப் பொறுப்பான தேரர் ஒருவர் வாயிலாகவே மீண்டும் தொடங்கியது. உ. வே. சாமிநாதையர் மணிமேகலையை அரும்பதவுரையோடும் பௌத்த சமயக் குறிப்புகளோடும் பதிப்பித்ததும் அதே 1898இல். இவ்விரண்டையும் ஒன்றோடொன்று காரண காரியமாக இணைக்கச் சான்றில்லை, இணைக்கவும் வேண்டியதில்லை. ஆயினும் ஒரே ஆண்டில் தமிழ்ப் பௌத்தம், புலமை உலகில் நூலாகவும் ஒடுக்கப்பட்டோர் உலகில் சமயமாகவும் மீண்டது என்பது பதிவுசெய்யத்தக்கது.

பழைய போக்குவரவின் திசையையும் இங்கே நினைவுகூர்தல் தகும். தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து அநுராதபுரத்து மகாவிகாரையில் தங்கி உரைகள் யாத்தவர் புத்தகோசர். உறையூரைச் சேர்ந்தவர் புத்ததத்தர். பாலி உரைமரபின் பெரும்பகுதி தமிழகத் தொடர்புடையோர் ஆக்கியது. நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளியின் எஞ்சிய கோபுரமும் 1867இல் இடித்து அகற்றப்பட்டபோது, அயோத்திதாசர் இருபத்திரண்டு வயது இளைஞர். கொடுத்தவர்களின் வழித்தோன்றல் என்னும் உரிமையோடு பெற்றுக்கொள்ளச் சென்ற ஒருவராக அவரைக் காணும்போது, அப்பயணத்தின் தோரணையே வேறாகிவிடுகிறது.

கொண்டுவந்ததும் விட்டுவந்ததும்

இலங்கைப் பௌத்தம் சாதியற்றதாக இருந்ததா என்னும் வினாவைத் தவிர்க்க இயலாது. 1753இல் சயாம் நாட்டிலிருந்து உபசம்பதை மரபு கண்டிக்கு மீட்டுவரப்பட்ட பின், சியாம் நிகாயம் கொவிகம எனப்படும் வேளாண் சாதியாருக்கு மட்டுமே துறவுத் தீக்கை அளிக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டது. அதனால் விலக்கப்பட்ட கடலோரச் சாதியினர் பர்மாவின் அமரபுரத்துக்குச் சென்று தீக்கை பெற்று 1803இல் அமரபுர நிகாயத்தை நிறுவினர். சுமங்கல தேரரோ சியாம் நிகாயத்தைச் சேர்ந்தவர். சாதியை மறுக்கும் சமயத்தைத் தேடிச் சென்றவர் சீலம் பெற்றது, துறவுக்குச் சாதி பார்த்த ஒரு மரபின் தலைமைத் தேரரிடம். ஆனால் இங்கு ஒரு நுட்பம் உண்டு. அவர் பெற்றது இல்லறத்தாருக்குரிய பஞ்சசீலமே அன்றித் துறவுத் தீக்கை அன்று. சீலம் பெறுவதற்கு நிகாயம் எவரையும் தடுக்கவில்லை. தேரர் அவர்களை ஏற்றுக்கொண்டதும் உண்மை. தடை தொடங்குவதற்கு ஒரு படி முன்பாகவே அயோத்திதாசரின் தேவை நிறைவெய்திவிட்டது.

திரும்பிவந்து அவர் அமைத்த சாக்கிய பௌத்த சங்கத்தைக் கண்டால் இது மேலும் தெளிவாகும். அச்சங்கம் துறவியரை மையமாகக் கொண்டதன்று. ஞாயிறுதோறும் சொற்பொழிவு, திருமணச் சடங்கு, ஈமச்சடங்கு, வெசாக் விழா என இல்லறத்தாரின் வாழ்வைச் சுற்றியே அது இயங்கியது. சங்கம் என்னும் சொல்லுக்கு இலங்கையில் பிக்குகளின் கூட்டம் என்பதே முதற்பொருள். இராயப்பேட்டையில் அது சேரி மக்களின் மன்றத்தைக் குறித்தது. அமைப்பு வடிவத்தை அவர் இலங்கையிலிருந்து பெற்றார் எனக் கூறுவோர் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை.

நூல்களைப் பொறுத்தவரை விலகல் இன்னும் பெரிது. வித்தியோதயம் பாலிக் கல்வியின் இருப்பிடம். திரிபிடகத்தைக் கற்றுத் தமிழில் பெயர்த்து வழங்கும் பணியை அயோத்திதாசர் மேற்கொண்டிருக்கலாம். இலங்கையில் அதற்கான ஆதரவும் கிடைத்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. 1912இல் வெளிவந்த புத்தரது ஆதிவேதம், புத்தரின் வாழ்வையும் அறத்தையும் காதை என்னும் பகுப்பில் அமைத்துத் தமிழ் நூல்களையே முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு சொல்கிறது. மணிமேகலை, சீவக சிந்தாமணி, வீரசோழியம், திருக்குறள், நிகண்டுகள், அருங்கலச்செப்பு, சித்தர் பாடல்கள், ஏட்டில் மட்டும் இருந்த மருத்துவ நூல்கள், வழக்காறுகள் ஆகியனவே அவருடைய பிடகம். அகத்தியர்க்குத் தமிழ் உரைத்தவர் அவலோகிதர் என்னும் வீரசோழியத்தின் செய்தி அவருக்கு இலக்கணப் பாயிரம் மட்டுமன்று, வரலாறும் ஆகும். இலங்கையில் அவர் கண்ட பௌத்தம் சிங்களம் பேசியது. அத்தீவின் தமிழரோ ஆறுமுக நாவலரின் (1822–1879) பணியால் சைவத்தில் உறுதிபெற்றிருந்தனர். தமிழ் பேசும் பௌத்தம் ஒன்றை அங்கிருந்து அவர் கொண்டுவந்திருக்க இயலாது. அதனைத் தமிழிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது.

எடுத்த முறையில் சிக்கல்கள் உள. சொற்பிறப்பு விளக்கங்களில் அவர் மொழியியல் நெறியைக் கடைப்பிடிக்கவில்லை. தீபாவளியை எள்நெய் கண்டறியப்பட்ட நாளாகவும், பிற திருநாள்களைப் பௌத்த நினைவுகளாகவும் அவர் விளக்கியதை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இன்றைய ஆய்வாளர் தயங்குவர், தயங்குவதே முறை. ஆனால் அவ்விளக்கங்களை எள்ளி ஒதுக்குவதும், கேள்வியின்றி ஏற்றுப் போற்றுவதும் ஒன்றுபோலவே வாசிப்பைத் தவிர்க்கும் வழிகள். அவர் விடுத்த அடிப்படை வினா இதுதான்: இழிந்தோர் எனப்பட்டவர் ஏன் இழிந்தோர் ஆக்கப்பட்டனர்? தீண்டாமைக்குத் தொழிலோ உணவோ காரணம் என அன்றைய இனவரைவியலார் எழுதிக்கொண்டிருந்தபோது, சமயத் தோல்வியே காரணம் என விடை கூறியவர் அவர். அவ்விடையை மறுப்பதற்கும் தமிழ்ச் சான்றுகளுக்குள் சென்றே ஆகவேண்டும்.

இம்முறை அவருடைய தோழர்களையும் முரண்பட வைத்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் பொ. இலட்சுமி நரசு, 1907இல் பௌத்தத்தின் சாரத்தை ஆங்கிலத்தில் எழுதியவர். அறிவியலோடு ஒத்துச்செல்லும் பகுத்தறிவுப் பௌத்தமே அவர் வேண்டியது. ம. சிங்காரவேலரும் அந்நிலையினரே. அவர் பின்னாளில் வடசென்னைத் தொழிலாளரிடையே பணியாற்றிப் பொதுவுடைமையராக அறியப்பட்டார். புத்தரை உலகப் பேரறிஞராகக் காட்டுவது அவர்களுக்குப் போதுமாயிருந்தது. தம் தெருவின் முன்னோராகக் காட்டுவது அயோத்திதாசரின் நோக்கம்.

துறைமுக வழிகளில் ‘தமிழன்’

1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ் இராயப்பேட்டையிலிருந்து வெளிவரத் தொடங்கியது. விலை பெயரிலேயே இருந்தது. ஓராண்டுக்குப் பின் பெயர் ‘தமிழன்’ எனச் சுருங்கியது. இலங்கையில் அவர் கண்ட அச்சுப் பௌத்தத்திற்குத் தமிழ்நாட்டில் நேரான ஒன்று உண்டெனில் அது இவ்விதழே. ஆனால் வாசகர் வேறு. கோலார் தங்கவயல், பெங்களூர், ஹூப்ளி, திருப்பத்தூர், இரங்கூன், நேட்டாலின் டர்பன் என்று சங்கத்தின் கிளைகளும் இதழின் வாசகரும் பரவிய ஊர்களை நிலப்படத்தில் குறித்தால், அது புத்தர் நடந்த இடங்களின் படமாக இராது; வடதமிழகத்து உழைக்கும் மக்கள் பிழைப்புத் தேடிச் சென்ற இடங்களின் படமாகவே இருக்கும்.

கடல் கடந்த கிளைகளின் வழி வடசென்னையில் தொடங்குகிறது. 1881இல் புயலால் சிதைந்து மீண்டும் கட்டப்பட்ட துறைமுகமும், அதனை ஒட்டி இராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை, டோல்கேட், திருவொற்றியூர் என வடக்கே நீண்ட குடியிருப்புகளும், பர்மாவுக்கும் நேட்டாலுக்கும் கப்பலேறியோரைக் கண்ட கரை. சரக்கையும் மனிதரையும் ஏற்றிய அதே நீராவிக் கப்பல்களின் அஞ்சற் பைகளில் தமிழன் இதழும் சென்றிருக்க வேண்டும். அயோத்திதாசர் இலங்கைக்குக் கடல் கடந்தது ஒரு சீலத்துக்காக. அவருடைய எழுத்தோ வாரந்தோறும் கடல் கடந்தது. இராயப்பேட்டை வீதிகளையே சுற்றிவரும் அயோத்திதாசர் ஆய்வுகள் இத்துறைமுகக் கரையை நோக்கியும் விரிவது நல்லது.

இறுதி ஆண்டுகள்

இதழாசிரியராயிருந்த ஏழாண்டுகளிலும் அவர் மருத்துவத்தைக் கைவிடவில்லை. இளமையில் உடல் முடங்கிக் கிடந்த திரு.வி.க. அவருடைய மருத்துவத்தால் நலம்பெற்றமை அறிந்ததே. 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பை ஒட்டித் தம் மக்கள் சாதி கூறாது பௌத்தர் எனப் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என எழுதினார். முப்பது ஆண்டுகளுக்கு முன் பூர்வ தமிழர் என்று கேட்டவர், இப்போது பௌத்தர் என்று கேட்டார். அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கோரிக்கை. ஆல்காட்டு 1907இல் மறைந்தபின் பிரம்மஞான சபையோடு இருந்த இணக்கம் குறைந்தது. அன்னி பெசண்ட் அம்மையாரின் கருத்துகளை, குறிப்பாகப் பஞ்சமர் கல்வி பற்றியவற்றை, அவர் கடுமையாக மறுத்தெழுதினார். தம்மை இலங்கைக்கு அழைத்துச் சென்ற சபையாயிற்றே என்னும் தயக்கம் அவ்வெழுத்துகளில் இல்லை.

1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அயோத்திதாசர் காலமானார். இதழை மகன் பட்டாபிராமன் சிறிது காலம் நடத்தினார், பின்னர் நின்றது. 1926இல் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அதனை மீண்டும் தொடங்கினார். அப்போதும் தமிழனுக்குப் பணம் அனுப்பியவர்களில் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்கள் இருந்தனர்.